2180 மில்லிமீட்டர்: கராஜில் கட்டிய ஸ்ட்ராடோஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் பழைய கார்களின் பிரேக் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, இங்கே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் என் வீட்டு கராஜில், இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1970களில் செய்த ஸ்ட்ராடோஸ் பந்தயக் காரின் நகல் ஒன்றை ஆறு வருஷத்தில் நானே கட்டி ஓட்டுவதாக ஒரு வரி சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றியவை. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம்.

ஸ்ட்ராடோஸ் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஃபெராரி, லம்போர்கினி தெரியும். இதில் அப்படி என்ன இருக்கிறது?
*மதுரை வாசகி*

ஃபெராரி தெரியும் என்கிறீர்கள். இந்தக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஃபெராரி இன்ஜின்தான். டினோ காருக்காகச் செய்த 2.4 லிட்டர் வி6. உடம்பை வரைந்தவர் பெர்டோனி நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தீனி. லம்போர்கினியின் மியூராவையும் கவுன்டாக்கையும் வரைந்த அதே கை. ஆக, உங்களுக்குத் தெரிந்த இரண்டு பெயர்களும் இதற்குள் இருக்கின்றன.

அந்தக் காலத்து ராலி, அதாவது ஊர்ச் சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் நேரம் கணித்து ஓட்டும் பந்தயங்களில் ஓடியவை பெரும்பாலும் கடையில் விற்கிற காரை எடுத்துத் தேற்றியவை. லான்சியாவின் பந்தயப் பிரிவை நடத்திய சேசரே ஃபியோரியோவுக்கு அது போதவில்லை. பனி, சரளைக்கல், மலைப்பாதை மூன்றுக்கும் என்றே முதல் கோட்டிலிருந்து வரைந்த கார் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். 1970இல் டுரின் கண்காட்சியில் பெர்டோனி ‘ஸ்ட்ராடோஸ் ஸீரோ’ என்று ஒரு மாதிரியை வைத்தார்கள். உயரம் வெறும் 84 சென்டிமீட்டர், நம் இடுப்பளவுகூட வராது. அது ஓட்டுவதற்கான கார் இல்லை, ஆனால் பேச்சைத் தொடங்கிவைத்தது. அடுத்த வருஷமே உண்மையான ஸ்ட்ராடோஸின் முதல் வடிவம் வந்துவிட்டது. பந்தயத்தில் குரூப் 4 பிரிவில் சேர 500 கார் கட்டியாக வேண்டும் என்பது விதி. கட்டியது 492 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1974, 75, 76 மூன்று வருஷமும் உலக ராலி சாம்பியன் பட்டம் லான்சியாவுக்கு. சாண்ட்ரோ முனாரி 1975 முதல் 77 வரை மான்டி கார்லோ ராலியைத் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார். நிறுவனம் கைவிட்ட பிறகும், 1979 மான்டி கார்லோவிலும் 1981 கார்சிகாவிலும் பெர்னார்ட் தார்னிஷ் தனியார் அணியின் ஸ்ட்ராடோஸில் வந்து ஜெயித்தார். பத்து வருஷத்துக்கு முந்திய வடிவம் அது.

இதற்கெல்லாம் காரணம் என்று நான் நினைப்பது ஓர் எண்ணை: 2180 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம். நம் ஊர் மாருதி 800க்கு அந்த அளவு 2175. ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஆனால் அகலம் மாருதிக்கு 1.44 மீட்டர், ஸ்ட்ராடோஸுக்கு 1.75. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டையான கார் சட்டென்று திரும்பும், அகலமான கார் சாயாமல் நிற்கும். இரண்டையும் ஒரே காரில் வைத்தார்கள். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், அசந்தால் அதே வேகத்தில் பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

திருச்சியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய அட்டை கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் இதன் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முன் கண்ணாடி ஹெல்மெட்டின் முகமூடி போல வளைந்திருக்கும். உருளை ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த துண்டு போன்ற ஒரே சீரான வளைவு, அதனால் வெளியே பார்க்கும்போது காட்சி நெளியாது. கதவுக்குள் ஹெல்மெட் வைக்கப் பெரிய குழி. தேவைக்கு வரைந்தது அழகாகவும் வந்துவிட்ட பொருள் அது. அந்தப் படத்தைப் பல வருஷம் வைத்திருந்தேன்.

நகல் என்றால் போலி என்றுதானே அர்த்தம்? லான்சியா சின்னத்தை ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்களா?
*சென்னை வாசகர்*

ஒட்டவில்லை. பதிவுப் புத்தகத்திலும் லான்சியா என்ற சொல் கிடையாது. சின்னம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. டாஷ்போர்டில் சிறிய பித்தளைத் தகடு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தமிழில் ‘நகல், கவென்ட்ரி, 2022’ என்று வெட்டியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே கேட்காதவர்கள் குறைவு. நானும் மொழிபெயர்த்துச் சொல்வேன்.

சேஸிஸ் எண்ணைப் போலியாகக் குத்தி, அசல் என்று சொல்லி விற்பது திருட்டு. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நகல் என்று சொல்லியே கட்டுவது வேறு. கோயில் சிற்பி பழைய மூர்த்தத்தின் தாள அளவை, அதாவது சிற்ப விகிதத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று செதுக்குவதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. அங்கே அளவுதான் முக்கியம். இங்கேயும் அப்படித்தான்.

அசல் கார் வைத்திருக்கும் ஒருவர் ஒரு கார் சந்திப்பில், பொறுமையாக இரண்டு மணி நேரம் என்னை அளக்க விட்டார். கூரை உயரம், கதவுக் கீல் நிற்கும் இடம், ஸ்டியரிங் சாயும் கோணம், முன் சக்கரக் குழி உள்ளே வருவதால் நடுப்பக்கம் ஒதுங்கி நிற்கும் பெடல்கள், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். உள்ளே இடம் போதவில்லை என்று சிலர் அச்சுத் தூரத்தைப் பத்து சென்டிமீட்டர் நீட்டிக் கட்டுகிறார்கள். உட்கார வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அது ஸ்ட்ராடோஸ் இல்லை, ஸ்ட்ராடோஸ் சட்டை போட்ட வேறு கார். சின்னம் ஒட்டாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. 2180 என்பது 2190 ஆகியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

உங்கள் காரிலும் ஃபெராரி இன்ஜின்தானா?
*புதுச்சேரி வாசகர்*

இல்லை. அந்த டினோ இன்ஜினை வாங்கப் போனால் வீடு போய்விடும். அதைவிட, எங்கோ ஓர் அசல் காருக்குப் போக வேண்டிய இன்ஜினை என் நகலுக்குள் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் காரில் இருப்பது ஆல்ஃபா ரோமியோவின் 3 லிட்டர், 24 வால்வு வி6. அதைப் படைத்தவர் ஜூசெப்பே புஸ்ஸோ. அவர் பெயரையே இன்ஜினுக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள். 1979இல் ஆல்ஃபா 6 காரில் முதலில் வந்து, 2005 முடியும்வரை உற்பத்தியில் இருந்தது. உற்பத்தி நின்ற சில நாட்களில், 2006 ஜனவரியில், புஸ்ஸோவும் காலமானார். இன்ஜின் மேல் வரிசையாக வளைந்து இறங்கும் ஆறு குரோம் குழாய்களைப் பார்த்தால், பொறியியல் தெரியாதவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்றுதான் போவார்கள்.

ஸ்ட்ராடோஸ் நகல் கட்டுகிறவர்கள் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அசலில் வி6 குறுக்காகப் படுத்திருக்கும். ஆல்ஃபாவின் முன்சக்கர இழுவைக் கார்களிலும் இது குறுக்காகவே படுத்திருக்கும். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரிக்காமல் அப்படியே எடுத்து, இருக்கைக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிடலாம். எடையும் அசலில் எங்கே விழுந்ததோ ஏறத்தாழ அங்கேயே விழும். மூக்கு நசுங்கிய ஆல்ஃபா ஜிடிவி கார் ஒன்றை 1,400 பவுண்டுக்கு வாங்கி இன்ஜினை இறக்கினேன். பேரிங், பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் எல்லாம் மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை.

டர்போ வைக்கலாமே என்று இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் இந்தச் சின்ன அச்சுத் தூரத்தில், வளைவின் நடுவில் திடீரென்று சக்தி வந்து குதிப்பதை நான் விரும்பமாட்டேன். கால் அழுத்துகிற அளவுக்கு, அழுத்திய அந்தக் கணமே சக்தி வர வேண்டும். அதற்கு டர்போ இல்லாத இந்த மூச்சு போதும்.

இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் என்பதால் தண்ணீர் போய்வரும் குழாய் நீளம். எங்காவது காற்று சிக்கிக்கொண்டால் சூடேறிவிடும். காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, குழாயின் மிக உயரமான இடத்தில் ஒரு திருகு வைத்துக் காற்றை வெளியேற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

ஆறு வருஷ வேலையில் எது உங்களை அதிகம் சோதித்தது? நான் பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பணிமனை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விவரமாக எழுதுங்கள்.
*திருச்சி வாசகர்*

ஐயா, உங்கள் ஊரில்தான் நானும் வளர்ந்தேன். அப்பா பெல் கொதிகலன் ஆலையில் வெல்டர். பற்றவைப்பு பார்க்க அழகாக இருந்தால் போதாது, எக்ஸ்ரேயில் நிற்க வேண்டும் என்பார். அவர் சொன்னதை முழுசாக உணர்ந்தது இந்தக் காரில்தான்.

என்னைச் சோதித்தது பின்பக்க சஸ்பென்ஷன். இன்னும் சரியாகச் சொன்னால் ஆறு மில்லிமீட்டர்.

கீழே சக்கரத்தைத் தாங்கும் ஓர் ஆர்ம், மேலே சுருள் மாட்டிய ஸ்ட்ரட், சக்கரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பிடித்துவைக்க ஒரு டோ லிங்க். அவ்வளவுதான் இதன் பின்பக்கம். டோ லிங்க் உள்ளே சேஸிஸில் மாட்டும் பிராக்கெட் என் எக்ஸாஸ்ட் குழாய்க்கு இடித்தது. பிராக்கெட்டை வெட்டி, ஆறு மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பற்றவைத்தேன். நல்ல வெல்டிங். அப்பா பார்த்திருந்தாலும் தலையாட்டியிருப்பார். கார் தரையில் நிற்கும்போது நூல் கட்டி டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், நூல் பிடித்தாற்போல் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

2021 அக்டோபரில், பயன்பாட்டில் இல்லாத விமானத் தளம் ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஓடுபாதை ஈரமாக இருந்தது. நீண்ட வளைவு ஒன்றில் வேகம் அதிகமோ என்று தோன்றி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அடுத்த நொடி வானமும் புல்லும் மாறி மாறி வந்தன. இரண்டு முழுச் சுற்று. நல்ல வேளை, இடிக்க எதுவும் இல்லை. எனக்கும் காருக்கும் கீறல்கூட இல்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

ஈரத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்ட்ரட்டிலிருந்து சுருளைக் கழற்றினேன். சக்கரம் இருக்கும் இடத்தில் தட்டையான அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் முன் முனையில் நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ், பின் முனையில் ஒரு டயல் கேஜ் வைத்தேன். கீழே ஜாக்கி கொடுத்துப் பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு அளவையும் எழுதினேன். நோட்டில் கோடு வரைந்து பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. சக்கரம் நடுநிலையிலிருந்து 40 மில்லிமீட்டர் கீழே தொங்கும்போது டோ இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளிப்பக்கம் திரும்பியது. காலை எடுத்தால் காரின் பின்பக்கம் மேலே எழும், சக்கரம் தொங்கும், அந்த நேரம் பார்த்துச் சக்கரம் தானாகவே ஸ்டியரிங் போல் திரும்புகிறது. நீளமான காரில் இது ஓட்டுநருக்கு லேசான குலுக்கலாகத் தெரியலாம். 2180 மில்லிமீட்டர் காரில் பம்பரமாகிவிடும்.

நிற்கிற கார் சரியாக இருந்தது, ஓடுகிற கார் சரியாக இல்லை. நான் அளந்தது நிற்கிற காரை மட்டும்தான். முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இந்தத் தவறு எந்த வகை என்று தெரியும்.

பிராக்கெட்டை மறுபடி அறுத்தெடுத்துப் பழைய உயரத்துக்கே கொண்டுபோனேன். இடிப்பது எக்ஸாஸ்ட் என்றால் மாற வேண்டியது எக்ஸாஸ்ட்தான், பிராக்கெட் இல்லை. ஆறு மாதம் முன்னாலேயே இப்படி யோசித்திருக்க வேண்டும். புதுக் குழாயை வளைத்து மாட்ட நாலு வாரம் ஆயிற்று. பிறகு அளந்தபோது முழு ஏற்ற இறக்கத்திலும் மாற்றம் 0.3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. அதே தளம், அதே வளைவு, அன்றும் ஈரம். வேண்டுமென்றே காலை எடுத்தேன். மூக்கு கொஞ்சம் உள்ளே சாய்ந்தது, அவ்வளவுதான்.

ஃபைபர் உடம்பு வேலையும் கஷ்டம்தான். பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, கதவு இடைவெளியை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. முன்மூடியும் பின்மூடியும் ஒட்டுமொத்தமாகத் திறக்கும் கார் இது, அதனால் ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது விலகும். ஆனால் அதில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தப்பைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

எவ்வளவு செலவு? வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள்?
*சிங்கப்பூர் வாசகி*

ஏறக்குறைய 41,000 பவுண்ட். ரூபாயில் நாற்பது லட்சத்துக்கு மேல் வரும். மொத்தமாக அல்ல, ஆறு வருஷத்தில் மாதா மாதம். என் நோட்டுப்படி 2,300 மணி நேரம் வேலை. இரவு ஒன்பதரைக்கு மேல் கிரைண்டர் ஓட்டக்கூடாது, ஞாயிறு மத்தியானம் குடும்பத்துக்கு என்று இரண்டு விதிகளை மனைவி போட்டாள். நியாயமான விதிகள். டார்ச் பிடிக்க வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது, கார் சாலைக்கு வந்தபோது பதினைந்து. கடைசி வருஷம் வயரிங் முழுக்க அவள் செய்தது.

வீட்டில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது?
*தஞ்சாவூர் வாசகர்*

இங்கே ஐ.வி.ஏ. என்று ஒரு சோதனை இருக்கிறது. தனித்தனிக் காராகப் பார்த்து ஒப்புதல் தருவது. வாகனத்தைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால், நாள் முழுக்கச் சோதகர் ஒருவர் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். வெளியே கை கால் படக்கூடிய விளிம்புகள் கூர்மையாக இருக்கக்கூடாது, 2.5 மில்லிமீட்டர் ஆரமாவது உருண்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்தால் முன் சக்கரம்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், பின் சக்கரம் அப்புறம்தான்; பிரேக்கின் முன் பின் பங்கீட்டை ஓட்டுநர் திருகி மாற்ற முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். ஸ்டியரிங்கை விட்டால் தானே நேருக்குத் திரும்ப வேண்டும். சத்தம் 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. சீட் பெல்ட் மாட்டும் இடம், விளக்கின் உயரம், கண்ணாடியில் தெரியும் பரப்பு, எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. நாமே கட்டினோம் என்பதற்குப் படங்களும் ரசீதுகளும் காட்ட வேண்டும்.

முதல் தடவை தோற்றேன். பின்பக்க பிரேக் குழாய் ஒன்றில் பிடிப்பான்களின் இடைவெளி அதிகம், கண்ணாடித் தாங்கி ஒன்றின் விளிம்பு கூர்மை. இரண்டும் அவர் சொன்னது சரி. சரிசெய்து மூன்று வாரத்தில் திரும்பப் போய்த் தேறினேன். பழைய பாகங்களும் புதுப் பாகங்களும் கலந்த கார் என்பதால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் கிடைத்தது. அந்த எழுத்து பிடிக்காமல் மாற்றப் பாடுபடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது, கார் என்னவோ அதை உள்ளபடி சொல்கிறது.

அசலைவிட வேகமா?
*திருநெல்வேலி வாசகர்*

நேர்ச்சாலையில் ஆம். அசல் சாலைக் காருக்கு 190 குதிரைத்திறன், எடை 980 கிலோ. என் இன்ஜின் 220, நாலு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து அளந்ததில் அரை டாங்க் பெட்ரோலோடு 960 கிலோ. டன்னுக்குக் கணக்கிட்டால் அசல் 194, இது 229. பிரேக்கும் டயரும் ஐம்பது வருஷம் பிந்தியவை. ஆனால் முனாரி ஓட்டிய பந்தயக் கார்கள் வேறு, அவற்றின் இன்ஜின் 280 குதிரைத்திறனைத் தொட்டது. அவற்றோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை.

வேல்ஸ் மலைப்பாதையில் காலை ஆறு மணிக்கு, ஆட்டு மந்தைகள் எழுந்து சாலைக்கு வருவதற்கு முன்னால் ஓட்டுவேன். அங்கே வேக வரம்பு மணிக்கு 60 மைல். அதற்குள்ளேயே இந்தக் காரின் முழு ருசியும் கிடைக்கும். இரண்டாம் கியரில் வளைவுக்குள் போகும்போது நாம் திருப்ப நினைத்த இடத்துக்கு மூக்கு ஏற்கெனவே போயிருக்கும்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இதை நம் ஊரில் செய்ய முடியுமா, சார்?
*கோவை வாசகர்*

கட்ட முடியும். சாலையில் ஓட்டத்தான் வழி இல்லை. இந்தியாவில் மோட்டார் வாகன விதி 126இன்படி, கார் செய்கிறவர் மாதிரி வாகனத்தைப் புனேயில் உள்ள அராய் போன்ற சோதனை அமைப்பிடம் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அது தொழிற்சாலைகளுக்கான ஏற்பாடு. பழைய கார் ஒன்றின் பதிவை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கே இருப்பதுபோல் தனி ஆள் கட்டிய ஒற்றைக் காருக்கு ஒரு சோதனை நம் நாட்டிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். விதி கடுமையாக இருக்கட்டும், ஆனால் ஒரு கதவு இருக்கட்டும்.

பந்தயத் தளம் வேறு கதை. உங்கள் ஊருக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. மாருதி 800இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டிய கரிவர்தன் கோவைக்காரர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. ஸ்ட்ராடோஸை நான் படத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவர் நம் ஊர்ப் பட்டறைகளில் கிடைத்ததை வைத்தே கார் செய்தார். பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு போட்டியிடும் ஃபார்முலா பாரத்தும் அதே தளத்தில் நடக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். எந்த அணிக்காவது சக்கரம் மாட்டும் ஹப்பைக் கடைந்து தரும் ஆள் தேவைப்படும். உங்கள் லேத்துக்கு அங்கே வேலை இருக்கிறது.

அண்ணா, டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்படி ஒரு கார் கட்ட இப்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? பணம் இல்லை.
*சேலம் வாசகர்*

தம்பி, பணம் இல்லாமலேயே தொடங்கலாம். வீட்டிலோ தெருவிலோ பழைய கார் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கிக்கொள். சமதளத் தரையில் நிறுத்து. கொத்தனார் நூல் ஒரு கண்டு, நாலு செங்கல், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். காரின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூலைக் கட்டு. இரண்டு நூலுக்கும் நடுவில் உள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். காரும் அந்த இரண்டு நூலுக்கும் சரியாக நடுவில் நிற்க வேண்டும். அதைச் சரிபார்க்கவே உனக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுது. காரைக் கொஞ்சம் முன்னால் உருட்டிவிட்டு மறுபடி நூல் கட்டி மறுபடி அள. இரண்டு தடவையும் ஒரே எண் வருகிறதா என்று பார். முதல் நாள் வராது. ஏன் வரவில்லை என்று நீயே கண்டுபிடித்து, நாலு சக்கரத்தின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அடுத்த இதழில் அதிலிருந்து தொடங்குகிறேன்.